தாளில் வரைந்த பக்கம் திரைக்கு வந்த கதை

எமது வகுப்பு மாணவிகள் எழுதிய கவிதை, கட்டுரை, சிறுகதைகளை ஓரிடத்தில் சேர்த்து இணையத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் கடந்த விடுமுறையில் எனக்கு ஏற்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஆயத்த வடிவங்கள் சிலவற்றை முதலில் பொருத்திப் பார்த்தேன். அவை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. தமிழை இட்டதும் தலைப்புகள் உடைந்தன; வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எனவே வடிவத்தை நானே அமைக்கத் தீர்மானித்தேன். அம்முயற்சியில் கற்றவற்றையும் விட்ட பிழைகளையும் தோழிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

1. மாதிரி வரைதல்

உம்மா சட்டை தைக்கும்போது துணியில் உடனே கத்தரிக்கோலை வைக்கமாட்டார். பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிப் பார்த்த பிறகே துணியைத் தொடுவார். இணையப் பக்கத்துக்கும் அப்படி ஒரு தாள் மாதிரி தேவை. மேலே பெயர்ப் பட்டை, அதன்கீழ் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆக்கம், அடியில் அடுத்த ஆக்கத்துக்கான இணைப்பு எனக் கொப்பியில் பெட்டி பெட்டியாக வரைந்தேன்.

முதற் பிழை இங்கேயே நேர்ந்தது. எழுத்து வரவேண்டிய இடத்தில் நெளிகோடுகளை வரைந்திருந்தேன். தலைப்புக்கு 'மழை' என்ற ஒரே சொல். முதலில் கைக்கு வந்த கட்டுரையின் தலைப்போ 'மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கத்தை ஊக்குவிப்பதில் பெற்றோரின் பங்களிப்பு'! அது பெட்டியை விட்டு வெளியே நின்றது. ஆகவே, இருப்பவற்றில் மிக நீண்ட தலைப்பை எழுதியே மாதிரியை வரையுங்கள். கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரைக்கு முதலில் வரைந்துவிட்டு, பிறகு கணினித் திரைக்கு வரைவதும் நல்லது.

2. சட்டகம் அமைத்தல்

அடுத்தது எச்.ரி.எம்.எல். இதில் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்பதைச் சொல்லும் அடையாளக் குறி இடுகிறோம். பெயர்ப் பட்டைக்கு 'ஹெடர்', ஆக்கத்துக்கு 'ஆர்ட்டிகிள்', அடிப்பகுதிக்கு 'ஃபூட்டர்'. (எழுதும்போது இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டெழுத வேண்டும்.) பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் தொடக்கத்தில் குறிப்பிட வேண்டும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள், எந்த மொழியில் வாசிப்பது என்பதை அதைக்கொண்டே அறிகிறது.

3. தோற்றம் கொடுத்தல்

நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை சி.எஸ்.எஸ். கவனிக்கிறது. நோர்வே நாட்டவரான ஹொகொன் வியும் லீ 1994 இல் முன்மொழிந்த இம்முறையின் முதற் பதிப்பு, 1996 டிசம்பரில் நியமமாக வெளிவந்தது. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்து வைப்பதே இதன் அடிப்படை. ஒரு கோப்பில் நிறத்தை மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் அது மாறிவிடும்.

தமிழுக்கு வரி இடைவெளி மிக முக்கியம். 'கீ' என்பதில் விசிறி மேலே எழும்புகிறது. 'கூ' என்பதில் சுழி கீழே இறங்குகிறது. மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் விசிறியும் மோதாதிருக்க, எழுத்தளவின் 1.7 மடங்கை வரி உயரமாக வைத்தேன். எழுத்தளவு 18 பிக்சல். நிறத்துக்கு, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. பார்க்க அழகாகவே இருந்தது.

4. பரீட்சித்தல்

கணினியில் எல்லாம் சரி. பெருமையோடு உம்மும்மாவின் கைத்தொலைபேசியில் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரிக் கிடக்கு மகள்" என்றார்.

காரணம் தேடினேன். திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கும்படி சொல்லும் 'வியூபோர்ட்' வரியை நான் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் தொலைபேசி மேலோடி, திரை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமானது என எண்ணிக்கொண்டு பக்கத்தை அமைத்து, பின் முழுவதையும் சுருக்கிக் காட்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எழுத்து பெரிதானது.

அடுத்து நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டல். வெள்ளையில் கறுப்பு 21:1. என் சாம்பல் நிறம் 3:1 ஐக்கூட எட்டவில்லை. எழுத்தைக் கறுப்புக்கு நெருக்கமாக மாற்றினேன்.

மூன்றாவது பிழைதான் என்னை வெட்கப்பட வைத்தது. தோழி ஒருத்தி, மௌத்தாகிப்போன தன் வாப்பாவைப் பற்றி எழுதிய கவிதையை அனுப்பியிருந்தாள். அதன் கடைசி வரியில் 'வாப்பா' என்ற ஒரு சொல் மாத்திரமே. என் பக்கத்தில் அக்கவிதை ஒரே பந்தியாக ஒட்டிக் கிடந்தது. நாம் எத்தனை முறை அடுத்த வரிக்குப் போய்த் தட்டெழுதினாலும், எச்.ரி.எம்.எல். அவற்றை ஒற்றை இடைவெளியாகவே கொள்ளும். அவள் கோபப்படவில்லை. "வாப்பா தனியா நிக்கோணும். இது என்ட கவிதை இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவே கவிதைக்கென வேறொரு அமைப்பை எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளக் குறி. ஒடுங்கிய திரையில் நீண்ட வரி மடிந்தால், மடிந்த பகுதி இரண்டு எழுத்துத் தூரம் உள்ளே தள்ளித் தொடங்கும். கவிஞர் முறித்த இடம் எது, திரை மடித்த இடம் எது என்பது அப்போதுதான் வாசகருக்கு விளங்கும்.

நான் வரைந்த மாதிரியில் கவிதைக்கு இடமே இருக்கவில்லை. பெட்டிகளின் அழகை யோசித்த நான், அவற்றுக்குள் எதை வைக்கப் போகிறேன், யார் வாசிக்கப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. தோழிகளே, இப்படியொரு பக்கம் அமைக்க விரும்பினால் முதலில் ஆக்கங்களைச் சேகரித்து முழுமையாக வாசியுங்கள். பென்சிலைப் பிறகு எடுங்கள். வரைந்து முடித்ததும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் தொலைபேசியில் திறந்து காட்டுங்கள்.

மறுநாள் உம்மும்மா அக்கவிதையைச் சத்தமாக வாசித்தார். கடைசி வரிக்கு முன் சற்று நிறுத்தி, பிறகுதான் அந்த ஒரு சொல்லைச் சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.