நகரும் வண்டியில் நிலையான இணையம்: ஹெப்பாள் முதல் பந்திப்பூர் வரை

மைசூரு மாநகரின் வடமேற்கே அமைந்துள்ள ஹெப்பாள், தொழிற்பேட்டையாலும் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தாலும் அறியப்பட்ட பகுதியாகும். கண்ணாடி இழைக் கம்பிகளும் நெருக்கமான அலைபேசிக் கோபுரங்களும் இங்கு உண்டு. ஆனால், இங்கிருந்து வெளிவட்டச் சாலை வழியாக நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை நோக்கிப் புறப்படும் கேரவன் வண்டி, இரண்டு மணி நேரத்திற்குள் முற்றிலும் வேறான சூழ்நிலையைச் சந்திக்கிறது. கோபுரங்கள் அருகிவிடுகின்றன, காடு தொடங்குகிறது, இணையம் விட்டுவிட்டு வருகிறது.

இதனைச் சுற்றுலாப் பயணியின் வசதிக் குறைவு என்று மட்டும் கருதிவிட இயலாது. சிற்றூர்களுக்குச் செல்லும் மருத்துவ ஊர்தியும், நடமாடும் வங்கியும் இதே சாலைகளில் இதே அலைகளையே நம்பியுள்ளன. எனவே, நகரும் வண்டியில் இணையம் எவ்வாறு கிடைக்கிறது, ஏன் தடைப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது பலருக்கும் பயன் தரும்.

அலைவரிசையும் தொலைவும்

இந்தியாவில் அலைபேசிச் சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3300 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் பல அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ஆனால், அவை சுமக்கும் செய்தியின் அளவு குறைவு. உயர்ந்த அலைவரிசைகள் மிகுந்த வேகம் தரும். எனினும் அவற்றின் எல்லை குறுகியது. 2022 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவையின் மிகு வேகத்தை நகரங்களில் எளிதில் காண முடிவதற்கும், சிற்றூர்ப் புறங்களில் நான்காம் தலைமுறையே பெரிதும் கைகொடுப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

அலையின் வலிமை டெசிபெல் அளவில் குறிக்கப்படுகிறது. கழித்தல் 85 என்பது நல்ல நிலை. கழித்தல் 110 என்பது நலிந்த நிலை. ஒவ்வொரு 10 டெசிபெல் குறையும்போதும் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கேரவனின் உலோக உடலும் அலையைத் தடுப்பதால், வெளியே கிடைக்கும் இணையம் உள்ளே கிடைக்காமற் போவதுண்டு.

வலிமையான அலை மட்டும் போதுமானதன்று. கோபுரத்திலிருந்து நகரத்துக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும் இணைப்பு குறுகலாக இருந்தாலோ, மாலை வேளையில் பலர் ஒருங்கே பயன்படுத்தினாலோ வேகம் குன்றும். மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால் சேவையே நின்றுவிடும்.

பயணி செய்யத்தக்கவை

முதலாவதாக, இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருத்தல் நலம். ஆயினும், ஒரே கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அத்தகைய இடத்தில் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒருசேர ஓய்ந்துவிடும். ஆதலால், நிறுவனங்கள் தத்தம் இணையதளங்களில் வெளியிடும் சேவை எல்லை வரைபடங்களைப் புறப்படுமுன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இவ்வரைபடங்களை வெளியிடுமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டின் விதிமுறைகளில் பணித்துள்ளது.

இரண்டாவதாக, வண்டியின் கூரைமேல் ஆன்டெனா பொருத்தி, அதனைச் சிம் அட்டை ஏற்கும் ரௌட்டருடன் இணைக்கலாம். ஆன்டெனாக் கம்பி நீளநீள அலை வீணாகும். எனவே, ரௌட்டரைக் கூரைக்கு அருகிலேயே வைத்து, மின்கம்பியை நீட்டிக்கொள்வதே சிறந்தது.

மூன்றாவதாக, மேலைநாட்டுக் கேரவன்களில் காணப்படும் அலைபெருக்கிக் கருவியை இங்கு வாங்கிப் பொருத்துதல் கூடாது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களன்றித் தனியார் அதனை வைத்திருப்பதும், விற்பதும், இயக்குவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் தெளிவுபடுத்தியது. முறையற்ற பெருக்கி அருகிலுள்ள கோபுரத்தின் பணியைக் குலைத்து, ஊர் மக்களின் சேவையையே கெடுத்துவிடக்கூடும்.

காட்டுச் சாலையின் தனி இயல்பு

குண்டலுப்பேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர், முதுமலை வழியாக உதகைக்கும், மற்றொன்று முத்தங்கா வழியாகக் கேரளத்துக்கும் செல்கிறது. பந்திப்பூர் வனப்பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. பகலிலும் காட்டினுள் வண்டியை நிறுத்தி அலையைத் தேட இடமில்லை. எனவே, வரைபடங்களைத் தரவிறக்குதல், அவசரக் கடிதங்களை அனுப்புதல், வீட்டாருக்குத் தகவல் சொல்லுதல் ஆகிய அனைத்தையும் குண்டலுப்பேட்டையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மாநில எல்லையைக் கடந்ததும் தொலைத்தொடர்பு வட்டமும் மாறுவதால், அலைபேசியில் ரோமிங் வசதி நிறுத்தப்பட்டிருந்தால் கோபுரம் அருகிலிருந்தும் இணையம் வாராது. இணையம் இல்லாத இடத்திலும் குரல் அழைப்பு செல்லக்கூடும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அரசின் முயற்சிகள்

வருவாய் குறைந்த பகுதிகளில் தனியார் நிறுவனங்கள் கோபுரம் அமைக்கத் தயங்குவது இயல்பே. இக்குறையை நீக்கவே 2002இல் அனைவருக்கும் சேவை நிதியம் ஏற்படுத்தப்பட்டது; 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தால் இது டிஜிட்டல் பாரத் நிதியாயிற்று. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டம் 2011இல் தொடங்கிப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. சேவை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை வழங்க, ரூ. 26,316 கோடிச் செலவிலான திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்நிதியால் அமைந்த கோபுரங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொன்றின் சேவையைப் பெறும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வழிப்போக்கருக்கு இது பேருதவியாகும்.

காட்டோரங்களில் கோபுரம் எழுப்புவதில் வனவிலங்குகளின் நலனும் கருதப்பட வேண்டியுள்ளது. ஆயினும், பயணி ஓரிரவு இணையமின்றிக் கழிக்கலாம். அங்கேயே வாழும் ஜேனுக் குறும்பர், சோளகர் குடியிருப்புகளில் உள்ள மாணவரும் நோயாளியும் அவ்வாறு காத்திருக்க இயலாது. சாலையோரம் கடந்து செல்வோருக்குக் கிட்டும் சேவை, அச்சாலைக்கு அப்பால் வாழ்வோரையும் சென்றடையும்போதே இம்முயற்சிகள் முழுப்பயன் தரும்.