பாறைக் கடற்பஞ்சை இனங்காணல்

வட அட்லாண்டிக் பெருங்கடலின் பாறைக் கரைகளில், குறிப்பாகப் பிரிட்டிஷ் தீவுகளில், கடல்நீர் வற்றும் வேளையில் பாறைப் பிளவுகளிலும் நிழலான குடைவுகளிலும் படர்ந்து காணப்படுவது ரொட்டித்துகள் கடற்பஞ்சு. பாசியெனத் தோன்றினும் இது விலங்கினத்தைச் சேர்ந்ததே. 1766-இல் பல்லாஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் இதனை விவரித்தார். ஹாலிகாண்டிரியா பானிசியா என்பது இதன் அறிவியற் பெயர். கசக்கினால் ரொட்டித் துகள்போல் உதிர்வதால் இப்பெயர் அமைந்தது.

மாணவர் பெரும்பாலும் நிறத்தைக் கொண்டே இதனை அறிய முற்படுகின்றனர். அது பிழையான வழியாகும். வெயில் படுமிடத்தில் உடனுறையும் பாசியால் பச்சையாகவும், நிழலில் வெளிர்மஞ்சளாகவும் ஒரே இனம் ஒரே பாறையில் இருக்கக்கூடும். வடிவமும் அத்தகையதே. அலை மோதுமிடத்தில் மெல்லிய படலமாகவும், அமைதியான நீரில் தடித்த மெத்தைபோலவும் வளரும். சிற்றெரிமலை வாய்களைப்போல் மேலெழுந்து நிற்கும் நீர் வெளியேறு துளைகள் ஓரளவு நம்பத்தக்க அடையாளம்.

ஐயத்தை முற்றிலும் அகற்றுவது நுண்முட்களின் ஆய்வே. நகக்கண் அளவுத் துண்டு ஒன்றே போதும். பாறையிலிருந்து முழுப் பஞ்சையும் பெயர்த்தெடுப்பது வீண் அழிவு. துண்டைச் சலவைக்கான வெளுப்புக் கரைசலில் இட்டால் சதைப்பகுதி கரைந்து, சிலிக்காவாலான முட்கள் அடியில் தங்கும். அவற்றைக் கழுவி நுண்ணோக்கியில் காணவேண்டும். இருமுனையும் கூரான ஊசிகள் மட்டுமே இருப்பின் ரொட்டித்துகள் பஞ்சு எனக் கொள்ள இடமுண்டு. இதனுடன் அடிக்கடி குழப்பப்படும், பெரும்பாலும் செம்மஞ்சள் நிறமுள்ள ஹைமெனியாசிடான் பஞ்சில் முள்ளின் ஒரு முனை மழுங்கியிருக்கும்.

இந்நுணுக்கம் பொருளாதார முக்கியத்துவம் உடையது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஹாலிகாண்டிரியா ஒகடாய் என்னும் ஜப்பானியப் பஞ்சிலிருந்து ஹிராத்தா, உவெமுரா ஆகியோர் ஹாலிகாண்டிரின் பி என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்து 1986-இல் அறிவித்தனர். 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம் மட்டுமே! அதன் அமைப்பைத் தழுவி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட எரிபுலின், மார்பகப் புற்றுநோய் மருந்தாக 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்துணை அரிய அளவில் கிடைக்கும் பொருளைத் தேடுவோர், இனம் மாறிச் சேகரித்தால் உழைப்பும் செலவும் ஒருங்கே பாழாகும்.

ஒவ்வொரு மாதிரியுடனும் இடம், நாள், பாறையின் நிழல் அல்லது வெயில் நிலை ஆகியவற்றைக் குறித்த சீட்டு இருத்தல் வேண்டும். நிறம் உறுதியான சான்றன்று எனினும், அதனையும் கரையிலேயே எழுதிக்கொள்வது நல்லது; எரிசாராயத்தில் இட்டபின் அது மங்கிவிடும்.