பெயில் கிடைத்த பிறகு



வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன், அந்த ஆங்கிலம் மலைக்க வைக்கிறது என்று எழுதியிருந்தாய். மலைக்கத்தான் செய்யும். அகராதியைத் தொடாமல் அவரைப் படித்த வக்கீல்கள் குறைவு. ஆனால் அந்த நடையை நீ எடுத்துக்கொள்ளாதே. கீழ்க்கோர்ட்டில் அப்படி ஒரு மனு போட்டால் மாஜிஸ்திரேட் இரண்டாவது பாராவிலேயே நிறுத்திவிடுவார். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு.

மனிதர் எந்த வழியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார் என்று முதலில் பார். 1915-ல் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்துவிட்டு, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரில், தலச்சேரியில் தொழில் தொடங்கினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்று 1948-ல் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். கட்சிக்காரரைப் பார்க்க ஜெயிலுக்குப் போவது வேறு, அங்கேயே படுத்து எழுந்திருப்பது வேறு. 1952-ல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையும் அவர் கைக்கு வந்தது. 1973-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. ஜெயிலை உள்ளிருந்தும் மேலிருந்தும் பார்த்த அவர் கையில்தான், திகார் சிறையில் சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததாகச் சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டு, 1979-ல் தீர்ப்பானது.

1975-ல் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் நிபந்தனையோடு அவர் கொடுத்த இடைக்காலத் தடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பேசட்டும். நம் மாதிரி ஆட்களுக்கு அதைவிட முக்கியமானது 1978-ல் வந்த மோதி ராம் வழக்கு.

மோதி ராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்குப் பெயில் கொடுத்துவிட்டது. பிணை எவ்வளவு என்பதை மட்டும் அங்கிருந்த தலைமை மாஜிஸ்திரேட்டிடம் விட்டது. அவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கூலி வேலை செய்கிறவர், எங்கே போவார்? சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய கோர்ட் விடச்சொன்ன ஆள் உள்ளேயே கிடந்தார். மறுபடி டெல்லிக்கே போக வேண்டியதாயிற்று. 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச்சொன்னார் கிருஷ்ணய்யர். தமிழனோ மலையாளியோ வடக்கே எங்காவது பிடிபட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார்.

இன்று கேள்வி திசை மாறி நம்மிடமே வந்திருக்கிறது. திருப்பூரில் பிடிபடும் ஒடிசாக்காரப் பையனுக்கு வீட்டு வரி ரசீதும் வி.ஏ.ஓ. சான்றும் கொண்டு இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்? கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிறவர்களைப் பிடித்துத் தர ஆள் இருப்பான். அந்தப் பக்கமே போகாதே. பிணையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 440-வது பிரிவு, புதிய சட்டத்தில் 484. அளவுக்கு மீறிய தொகை கேட்கக்கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. சீனியர்களில் பலர் உத்தரவு வந்ததும் கேஸ் கட்டைக் கட்டி வைத்துவிடுவார்கள். ஃபீஸ் அதோடு முடிகிறது, அவ்வளவுதான் காரணம்.

1980-ல் வந்த ரத்லம் நகராட்சி வழக்கையும் படித்துவிடு. சாக்கடை நாற்றம் தாங்காமல் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்; பணமில்லை என்றது நகராட்சி. பணமில்லை என்பது பதிலே இல்லை என்று சொல்லி, வேலையை முடிக்கக் கெடுவும் வைத்தார் கிருஷ்ணய்யர். இலாகாக்களை நடத்திப் பார்த்தவர் என்பதால், வெறும் உத்தரவு எந்த மேஜையில் போய்த் தூங்கும் என்று தெரிந்திருக்கிறது.

அவர் 2014 டிசம்பர் 4-ந் தேதி, 99 வயதில் காலமானார். சிலைக்கு மாலை போடுவதெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த முறை உன் கட்சிக்காரருக்குப் பெயில் கிடைத்தால், உத்தரவு நகல் சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா, ஆள் வெளியே வந்துவிட்டாரா என்று நீயே விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போ.