தலைசுற்றல்: பித்தம் என்று விட்டுவிடாதீர்கள்

1. தலை சுற்றியதும் எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறோம். அது கிடக்கட்டும். என்ன செய்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, காது இரைந்ததா என்று எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

2. படுக்கையில் புரண்டாலோ, பரணை அண்ணாந்து பார்த்தாலோ அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் காதுக் கோளாறுதான். உள்காதில் உள்ள கால்சியம் துகள்கள் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன. தலையை வரிசையாகத் திருப்பி அவற்றை வெளியே கொண்டுவருவது ‘எப்லி’ முறை. காது மூக்கு தொண்டை டாக்டர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். எந்தக் காது என்றே தெரியாமல் வீடியோ பார்த்துக் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

3. எழுந்ததும் கண் இருட்டினால், படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பிபி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிபி மாத்திரை மட்டுமல்ல, புராஸ்டேட் மாத்திரையும் இப்படிச் செய்யும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

4. சர்க்கரை நோயாளிக்கு வியர்வையும் படபடப்பும் சேர்ந்து தலை சுற்றினால் உடனே ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழ் என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

5. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சிலர் தள்ளாடுவார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தால், கண்தான் உடம்பை நிறுத்திக் கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சகஜம். அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தே குளிக்கட்டும். துண்டு மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது; சுவரில் தனியாகக் கைப்பிடி பொருத்துங்கள். எண்ணெய்க் குளியலன்று தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுங்கள். உள்ளே போனால் தாழ்ப்பாள் வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள்.

6. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். சின்னாரிசின் போன்றவை நாள்பட்டால், வயதானவர்களுக்குக் கைநடுக்கம், நடை தளர்ச்சி வரலாம்.

7. தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எப்போது ஆரம்பித்தது என்று மணி பார்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் காபி, தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.