பயமும் துணையும்: பெற்றோருக்கு ஒரு பாடம்



11 வயதில் எமது பிள்ளைகள் பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். தனியே பஸ் ஏறுகிறார்கள். வழியிலோ வகுப்பிலோ பயம் ஏற்பட்டால் இந்த வயதுப் பிள்ளை அதை நேராகச் சொல்வது குறைவு. வயிற்றுவலி என்று சொல்லும். நித்திரை குறையும், கோபம் கூடும், புள்ளிகள் இறங்கும். நாமோ இன்னுமொரு ரியூசனுக்கு அனுப்புகிறோம்.

என் மகனுக்கு 12 வயதில் இதுவே நடந்தது. சில பெடியன்களுக்குப் பயந்து இரண்டு மாதம் சுற்றுவழியால் வீடு வந்திருக்கிறான். கணக்காளனான நான் அவனது புள்ளிகளை மட்டுமே கூட்டிப் பார்த்தேன். அவன் விஷயத்தைச் சொன்னது எனக்கல்ல. கோயிலில் அன்னதானம் பரிமாறும் ஒரு மாமாவுக்கு. அவர் சொல்லித்தான் நான் பாடசாலைக்குப் போனேன்.

இது தற்செயல் அல்ல. 1938இல் வியன்னாவிலிருந்து அகதியாக லண்டன் வந்த அன்னா ஃபிராய்ட், உலகப் போர்க்காலத்தில் டொரதி பேர்லிங்ஹாமுடன் ஹாம்ஸ்டெட்டில் சிறுவர் காப்பகம் நடத்தினார். குண்டுச் சத்தத்தை விடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் வருத்தியதை அவர்கள் கண்டார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் பல தசாப்தங்கள் கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை போன்ற பல துன்பங்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார். பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ, அன்பாகக் கவனித்த ஒரு பெரியவர் இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஊரில் அப்படிப்பட்டவர்கள் வேலிக்கு அப்பால் இருந்தார்கள். 1983க்குப் பின் சிதறி வந்த நாம் இங்கு அவர்களைத் தேடிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க:

1. "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன் "இன்று யாரோடு இருந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

2. "எங்களிடம் சொல்ல முடியாததை யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். பெயர் வராவிட்டால் நம்பிக்கையான ஒருவரோடு பழக்கிவிடுங்கள்.

3. பயத்தைச் சொன்னால் ஏசாதீர்கள். வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள், கடிதமும் கொடுங்கள்.

4. 1986இல் தொடங்கிய சைல்ட்லைனின் இலவச இலக்கம் 0800 1111. பிள்ளைக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

கோயிலுக்கு வருவோரே, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் பெயரைக் கேட்டு வையுங்கள். அடுத்த வெள்ளி அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள்.