நித்திரையில் தடைப்படும் மூச்சு

பகலெல்லாம் உழைத்த சரீரத்துக்கு இரவு அளிக்கும் கூலி நித்திரை. அக்கூலியைப் பெறாமலும், பெறவில்லை என்பதை அறியாமலும் வருந்துவோர் நம்மிடையே பலர் உளர். உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொண்டு, கும்பகர்ணன் என்று நகைப்பது நம் வழக்கம். வகுப்பிலே கண்ணயரும் மாணவனையும், அலுவலகத்திலே தலை சாயும் குமாஸ்தாவையும் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதும் நம் வழக்கமே. இவ்விரு திறத்தாரிலும் சிலர் ஒரே வியாதியால் பீடிக்கப்பட்டவராயிருக்கக் கூடும். வைத்தியர் 'ஸ்லீப் அப்னியா' என வழங்கும் அதனை நாம் நித்திரை மூச்சுத்தடை என்போம். அதன் இயல்பையும், அதற்குரிய சிகிச்சையோடு பழகுவதிலுள்ள இடர்களையும், நல்ல வைத்தியம் இன்னது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நோயின் இயல்பு

விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்த தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் நாவின் அடிப்பாகமும் மெல்லிய அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைத்துவிடுகின்றன. மார்பு எழுந்து தாழ்ந்தும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து, உறங்குபவர் அறியாமலே அவரைக் கணப்பொழுது எழுப்புகிறது. உறுமலோடு ஒரு மூச்சு வருகிறது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. 10 விநாடியேனும் மூச்சு நின்றால் அதை ஒரு தடையெனக் கணக்கிடுவர். மூச்சு முற்றும் நிற்பதையும் பெரிதும் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முதல் 14 வரை இலேசானது என்றும், 15 முதல் 29 வரை நடுத்தரமானது என்றும், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது என்றும் வகுப்பர். மணிக்கு 30 எனில் 7 மணி நேர உறக்கத்தில் 210 முறை மூச்சுக்காகப் போராட வேண்டியிருக்கிறது. இத்தகையவர் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுந்து, பகலில் தூங்கி விழுவதில் வியப்பென்ன?

இரத்த அழுத்த மிகுதி, இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு. வண்டி ஓட்டுபவர் கணநேரம் கண்மூடினால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. பருத்தவர்க்கே இது வரும் என்பது தவறு. தாடை பின்னடைந்த மெலிந்தவர்க்கும் வரும். பெண்களிடத்தில் குறட்டையைவிடச் சோர்வும் உறக்கமின்மையும் முன்னிற்பதால், நோய் இன்னதென்று தெரியாமலே காலம் கழிவதுண்டு. மெல்போர்ன் வைத்தியரான முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலில் எட்டே வினாக்கள். மொத்தம் 24 எண்கள். 10-க்கு மேற்பட்டால் பகலுறக்கம் மிகுதியென்று கொண்டு வைத்தியரை நாடவேண்டும். ஓரிரவு உறக்கத்தைக் கருவிகளால் பதிவுசெய்து பார்த்தே நோயை உறுதிசெய்வர்.

சிகிச்சை பிறந்த கதை

சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட பிக்விக் கதையில், எப்பொழுதும் உறங்கி விழும் ஜோ என்னும் பருத்த சிறுவனைப் படித்து நகையாதார் இல்லை. நகைப்புக்குரியதாயிருந்த அது தனி நோயெனத் தெளிவாக அறியப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. நோய் அறியப்பட்ட பின்னரும், கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சுவிடச் செய்வதே உறுதியான சிகிச்சையாக இருந்தது.

1980-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் ஸல்லிவன் என்னும் வைத்தியர் வேறொரு வழி கண்டார். மூக்கின் வழியே இடையறாது மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அக்காற்றே தூண்போல் நின்று தொண்டையைச் சரியவிடாது தாங்கும் என்பது அவர் கருத்து. கழுத்தறுவைக்கு உடன்படாத ஒரு நோயாளியிடத்தில் அதனைச் சோதித்தார். ஐந்து நோயாளரின் விவரம் 1981-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. 'சிபாப்' என்று இந்நாளில் வழங்கும் யந்திரத்தின் தொடக்கம் இதுவே. ஆதியில் அது இரைச்சல் மிக்கது. முகமூடியை இரவுதோறும் பசையிட்டு முகத்தில் ஒட்டவேண்டியிருந்தது. ஆயினும் அம்முதல் நோயாளியை வைத்தியர் தம் சோதனைச்சாலையிலேயே வைத்துக் கவனித்தார் என்பதை மறத்தலாகாது. இன்றோ யந்திரம் சிறுத்து அமைதியாகிவிட்டது. நோயாளியோ பெட்டியை வாங்கிக்கொண்டு வீடு சென்று தனியே போராடுகிறார். சில நாளில் பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. "உமக்குப் பொறுமை போதாது" என்று பழியும் அவர்மேலேயே விழுகிறது.

பழகும் முறை

முகத்தில் ஒரு மூடியைக் கட்டிக்கொண்டு, எதிரே வீசும் காற்றில் உறங்கு என்றால் எவர்க்கும் எளிதன்று. இடர்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு.

முதலாவது, அச்சம். மூச்சு முட்டுவதுபோன்ற திகில் உண்டாகுமாயின், இரவில் போராடாமல் பகலில் பழகவேண்டும். அமர்ந்து படித்துக்கொண்டே முகமூடியை வார் கட்டாமல் கையால் சில நிமிஷம் பிடித்திருப்பது முதற்படி. வார் கட்டிக்கொள்வது அடுத்த படி. யந்திரத்தை இயக்குவது அதற்கடுத்த படி. பகலில் சிறு துயில், பின்னர் இரவு. ஒரு படியில் அச்சம் நீங்கிய பிறகே மறுபடிக்கு ஏறுக.

இரண்டாவது, முகமூடி. மூக்கை மட்டும் மூடுவன, நாசித்துவாரங்களில் பொருந்துவன, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவன என இவை பலவகை. கடையில் நின்றபடி பொருத்திப் பார்ப்பது போதாது. படுத்து, காற்று ஓடும்போது பார்க்கவேண்டும். காற்று கசிந்தால் வாரை மேலும் மேலும் இறுக்குவது இயல்பு. ஆனால் மிக இறுகிய மூடி மடிந்து அதிகமாகக் கசியும். மூக்கின்மேல் புண்ணும் உண்டாகும். அளவையும் வகையையும் மாற்றுவதே தக்கது.

மூன்றாவது, வறட்சி. மூக்கடைப்பும் வாய் உலர்தலும் மிகுந்தால், காற்றை ஈரமாக்கும் நீர்க்கலத்தைச் சேர்க்கலாம். உறக்கத்தில் வாய் திறந்து காற்று வெளியேறுகிறதா என்றும் நோக்கவேண்டும். மூக்கடைப்பே காரணமாயின் முன்னர் அதற்கு வைத்தியம் செய்வது முறை.

நான்காவது, அழுத்தம். சாதாரணமாக இது 4 முதல் 20 செண்டிமீட்டர் நீருயர அளவில் அமையும். மூச்சை வெளிவிடுவது கடினமாயினும், காற்றை விழுங்கி வயிறு உப்பினாலும் அளவை ஆராயவேண்டும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும்படியும், வெளிமூச்சின்போது தணியும்படியும் அமைத்தல் கூடும். இவற்றைத் தாமே மாற்றாமல் வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது நலம்.

நள்ளிரவில் மூடியைக் கழற்றிவிடுவோர் பலர். கனவு நிறைந்த உறக்கம் விடியற்காலத்தை ஒட்டியே மிகுதி. தசைகள் மிகத் தளர்வதும், தடைகள் மிகுவதும் பெரும்பாலும் அப்பொழுதே. ஆகையால் முன்னிரவோடு நிறுத்துபவர் அபாயம் மிக்க பொழுதிலே காவலை நீக்கியவராவார்.

நல்ல வைத்தியம் இன்னது

யந்திரத்தை எழுதிக்கொடுப்பதோடு வைத்தியரின் கடமை முடிவதில்லை. யந்திரமே இரவுதோறும் ஒரு கணக்கு எழுதிவைக்கிறது. எத்தனை மணி நேரம் உபயோகிக்கப்பட்டது, எவ்வளவு காற்றுக் கசிந்தது, மணிக்கு எத்தனை தடைகள் எஞ்சின என்னும் மூன்றும் அதிலுண்டு. நல்ல வைத்தியர் அதைப் பார்த்துப் பேசுவார். நோயாளியும் அதைக் கேட்டறிவதற்கு உரிமையுடையவர். முதற்சில நாட்களிலேயே பழக்கம் அமைந்துவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மையாதலால், மூன்று மாதம் கழித்து வா என்பதைவிட முதல் வாரத்திலேயே விசாரிப்பது பயன் தரும். இடர் தோன்றினால் யாரைக் கேட்பது என்பதை யந்திரம் பெறும் நாளிலேயே நோயாளி தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் தடைப்படும் ஊரினர் மின்கலத்தைப் பற்றியும் அன்றே கேட்பாராக.

முயன்றும் யந்திரம் ஒவ்வாதவர்க்கு வழி அடைபட்டுவிடவில்லை. கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் பற்கருவி, ஒருக்களித்துப் படுத்தல், உடற்பருமன் குறைத்தல், அறுவை ஆகியன நோயின் தன்மைக்கேற்பப் பயன்படும். பருமனோடு கூடிய நடுத்தர நோய்க்கும் கடும் நோய்க்கும் டிர்ஸெபடைட் என்னும் மருந்தை அமெரிக்க அரசாங்கம் 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. ஒன்று பொருந்தாவிடின் மற்றொன்றை எடுத்துரைப்பவரே வைத்தியர். வேறு வழியுண்டோ என வினவுவது நோயாளியின் கடமை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ விடுதியிலோ குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி எழும் ஒருவர் இருப்பாராயின் அவரை நகையாதீர். அவர் உறங்கும்போது நிகழ்வதை அவர் அறியார், நீங்களே சாட்சி. கண்டதை அவரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். யந்திரம் வந்த பின்னரும் முதற்சில வாரங்கள் பொறுமையோடு துணை நில்லுங்கள். யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். அதனோடு பழகுவதற்கு வேண்டிய துணையை நாமே அளித்தல் வேண்டும்.