காப்பிக்கும் ஊர் உண்டு

நுழையும்முன்

நாள்தோறும் பருகும் காப்பி எம்மலையில் விளைந்தது என்பதைப் பருகுவோர் அறிவதில்லை. விளைவித்தவரும் தம் காப்பிக்கொட்டை எவ்வூரைச் சென்றடைந்தது என்பதை அறிவதில்லை. இந்த இடைவெளியைக் கடக்க முயன்ற மலைவாழ் சிறு உழவர்களின் கூட்டுறவு பற்றியது இப்பாடம்.

திருத்தணி மலைக்கோவிலின் 365 படிகளையும் ஏறி இறங்கிய அடியவர் பலர், அடிவாரத்தில் முதலில் தேடுவது ஒரு வாய்க் காப்பியைத்தான். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வெல்லை ஊரில், தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும். டபராவில் ஆற்றித் தரப்படும் காப்பியும் பெரும்பாலும் ஒரு கலவையே. ஒரு மலையின் அராபிக்காவும் மற்றொரு மலையின் ரொபஸ்டாவும் வறுத்தரைத்த சிக்கரி வேரும் அதில் சேர்ந்திருக்கும். காப்பித்தூளில் சிக்கரியை 49 விழுக்காடு வரை சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது.

கலவை குறையுடையது அன்று. தென்னாட்டு நாக்கு பழகிய சுவை அது. ஆயினும் கலவையில் ஊர்ப்பெயர் கரைந்துவிடுகிறது. பெயர் கரைந்தபின், நன்றாக விளைவித்தவருக்கும் ஏனோதானோவென்று விளைவித்தவருக்கும் ஒரே விலைதான்.

ஒரே நிலப்பகுதியில் விளைந்து, பிறவற்றோடு கலவாமல், அவ்விடத்தின் பெயராலேயே விற்கப்படுவதை ‘சிங்கிள் ஆரிஜின்’ காப்பி என்பர். தமிழில் ‘ஓரிடக் காப்பி’ எனலாம். மண்ணும் மழையும் மலையின் உயரமும் மரநிழலும் கொட்டையின் மணத்தில் படிகின்றன. உயரமான இடத்தின் குளிரில் பழம் மெல்லக் கனிவதால் சுவை செறிகிறது. எனினும் பெயர் மட்டுமே சுவைக்கு உறுதி ஆகாது. மோசமாக உலர்த்திய கொட்டை எம்மலையில் விளைந்தாலும் மோசமானதே.

தெரியுமா?
காப்பிக்குக் ‘குளம்பி’ என்னும் தனித்தமிழ்ச் சொல் உண்டு. கொட்டையின் நடுவே பிளவுடைய தோற்றம் மாட்டின் குளம்பை ஒத்திருப்பதால் இப்பெயர் அமைந்தது என்பர். சொல் அழகியதே, கடைக்காரரிடம் கேட்கும்போது மட்டும் வாய் ‘காப்பி’ என்றே சொல்கிறது.

இந்தியாவில் காப்பி பயிரிடுவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் சிறு உழவர்களே. ஆனால் விலையை உறுதிசெய்வது அவர்கள் அல்லர். அராபிக்காவின் விலை நியூயார்க் சந்தையிலும் ரொபஸ்டாவின் விலை இலண்டன் சந்தையிலும் உருவாகின்றன. 2021ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் உறைபனி பெய்தபோது உலகெங்கும் காப்பி விலை ஏறியது. அங்கு விளைச்சல் பெருகினால் இங்கு விலை சரியும். முன்பு நிலை வேறு. 1942ஆம் ஆண்டின் சட்டப்படி, பயிரிட்டோர் தம் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து ஏலம் விட்டது. விற்பனைப் பொறுப்பு உழவரின் தோளிலிருந்து இறங்கியது. தம் ஊர்ப் பெயரால் விற்கும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. 1990களில் இக்கட்டுப்பாடு படிப்படியாக நீங்கிய பின்னரே ஓரிடக் காப்பிக்கு வழி திறந்தது.

அவ்வழியில் நடந்தவர்களைக் காணத் திருத்தணியை அடுத்துத் தொடங்கும் ஆந்திர மாநிலத்தின் மறுகோடிக்குச் செல்ல வேண்டும். ஒடிசா எல்லையருகே, கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் அமைந்தது அரக்குப் பள்ளத்தாக்கு. அங்குள்ள பழங்குடியினர் காட்டை எரித்துப் பயிரிட்டுச் சில ஆண்டுகளில் இடம் மாறும் ‘போடு’ வேளாண்மை செய்துவந்தனர். மர நிழலில் வளரும் காப்பி, மரத்தை வெட்டாமலே வருவாய் தரும் மாற்றாக அவர்களிடம் பரவியது. நிழல்மரங்களில் மிளகுக்கொடியும் படர்ந்தது.

செடி வந்தது, நல்ல விலை வரவில்லை. இதன் காரணம் பழத்தின் இயல்பிலேயே உள்ளது. ஒரே கிளையில் பச்சைக்காயும் செங்காயும் கனிந்த பழமும் சேர்ந்தே இருக்கும். கனிந்ததை மட்டும் பறிக்க ஒரு செடியிடம் பலமுறை செல்ல வேண்டும். பறித்த அன்றே மேல்தோலை நீக்கி, நொதிக்க வைத்துப் பசைநீக்கிக் கழுவி, தரையில் படாமல் உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோ பழம் ஒரு கிலோ கொட்டையாகும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தோல்நீக்கும் பொறியும் கழுவும் தொட்டியும் எட்டாதவை. எனவே அனைத்தையும் ஒருசேர உருவி, வாசல் மண்ணிலேயே உலர்த்தி, வீடு தேடி வரும் வணிகர் சொன்ன விலைக்குக் கொடுப்பதே வழக்கமாயிற்று.

ஆந்திர அரசு 1995ஆம் ஆண்டில் இயற்றிய கூட்டுறவுச் சட்டம், அரசின் பங்கு முதலீடு இன்றி உறுப்பினர்களே நடத்தும் சங்கங்களுக்கு இடமளித்தது. நாந்தி அறக்கட்டளையின் துணையோடு அரக்கு உழவர்கள் அச்சட்டத்தின்கீழ்ச் சங்கம் அமைத்தனர். தனியொருவருக்கு எட்டாத பதனிடும் நிலையம் பலருக்கும் பொதுவாயிற்று. ஊர்ப்பழம் ஊர்வாரியாகப் பிரிந்து சென்றது.

2017ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ‘அரக்கு’ என்ற பெயர்ப்பலகையுடனேயே காப்பிக்கடை திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அரக்கு அராபிக்கா, குடகு, வயநாடு, சிக்கமகளூர், பாபாபூதன்கிரிக் காப்பிகளோடு புவிசார் குறியீடு பெற்றது. இக்குறியீட்டை வழங்கும் பதிவகம் சென்னையில்தான் உள்ளது.

பாரிஸ் வரை சென்ற கதை கேட்க இனியது. கடினமான பகுதி ஊருக்குள் இருக்கிறது. பழங்கள் ஒரே தொட்டியில் சேர்வதால், ஒருவர் கலந்த பச்சைக்காய் நூறு பேரின் காப்பியைக் கெடுக்கும். ஆகவே எடைபோடும் இடத்திலேயே காயைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தள்ளப்படுவது அண்டை வீட்டாரின் உழைப்பு. தள்ளுபவரும் அவரோடு அன்றாடம் பழகுபவர். அவ்வேளையில் காயும் கனியும் பாராது, கையில் பணத்தோடு வணிகர் வாசலில் நிற்கிறார். குழந்தையின் மருத்துவத்திற்கோ திருமணச் செலவிற்கோ இன்றே பணம் தேவைப்படும் உழவர், ஒரு மாதம் கழித்து வரும் கூடுதல் விலைக்காகக் காத்திருப்பாரா? எடைபோட்ட உடனேயே பழத்திற்குப் பணம் தர இயலும் சங்கத்திற்கே இக்கேள்விக்கு விடை சொல்ல முடிகிறது.

தமிழகத்தில் ஏர்க்காடு, நீலகிரி, கீழ்ப்பழனி மலைகளிலும் காப்பி விளைகிறது. கோத்தகிரியில் ‘ஆதிமலை’ என்னும் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தேன், மிளகு இவற்றோடு காப்பியையும் விற்றுவருகிறது. அதன் பங்குதாரர்களும் அம்மலைகளில் வாழும் பழங்குடியினரே.